அஞ்சு பேரு ஆவட்டும்

எண்ணூர் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் என் பஞ்சர் கடை இருக்கிறது. கடைக்கு முன்னால் ஒரு மின்கம்பம், அதற்கடுத்து ஒரு பூவரச மரம், மரத்தடியில் கையகலத்துக்கு ஒரு அம்மன் கோயில். அந்த மரத்து நிழலில் பல வருஷம் ஒரு அக்கா உட்கார்ந்து மீன் விற்றார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என் பேர ஏன்யா போட்ட, எனக்கு இன்னா செலயா வெக்கப் போற?" என்று சண்டைக்கு வருவார்.

நான் கடை போட்ட முதல் நாள். டீக்கடை எதிர்ப்பக்கம். அம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, ஒரு டீ குடித்து வேலையை ஆரம்பிக்கலாம் என்று ரோட்டில் காலை வைத்தேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். மீன் வாடை அடித்தது.

"இன்னா பஞ்சரு, எங்க கெளம்பிட்ட?"

"டீ குடிக்கக்கா."

"குடி, யாரு வேணாம்னா? அஞ்சு பேரு ஆவட்டும்."

"டீ குடிக்க எதுக்குக்கா அஞ்சு பேரு?"

"டீ குடிக்க ஒருத்தன் போதும். ரோட்ட தாண்ட அஞ்சு பேரு வோணும். குந்து."

கடை திறந்த அன்றைக்கே வம்பு வேண்டாம் என்று குந்தினேன். சைக்கிளில் ஐஸ் கொண்டுவந்தவர் ஒருவர், பூக்கூடையோடு ஒரு அம்மா, கம்பெனி ஷிப்டுக்குப் போகிற இரண்டு பேர் என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஐந்து ஆனதும் அக்கா எழுந்தார். அவரிடம் இரண்டு அலுமினிய அன்னக்கூடைகள் உண்டு. ஒன்றில் மீன். இன்னொன்று ஓட்டை விழுந்த பழசு. அதைக் கடல் மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். அதைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினார். வெயில் பட்டு மின்னியது. வந்துகொண்டிருந்த டிரெய்லர் லாரி பெருமூச்சு விட்டு நின்றது. நாங்கள் நடந்தோம். எனக்கென்னவோ ஊர்வலத்தில் போகிற மாதிரி இருந்தது.

எங்கள் ரோட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குள் விடும்வரை கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். சில நாள் அந்த வரிசையின் வால் எர்ணாவூரையும் தாண்டிக் கிடக்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறாக்குவார்கள். ஸ்டெப்னி டயர் மேல் லுங்கி காயும். நிற்கிற லாரிகளின் சந்தில் பைக், ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி எல்லாம் புகுந்து ஓடும். மழை பெய்தால் பள்ளம் தெரியாது. வெயில் அடித்தால் தூசியில் எதிர்க்கடை தெரியாது. இந்த ரோடு ஒருநாள் நல்ல ரோடாக வேண்டும் என்று வடிவுடை அம்மனிடம் நான் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. பஞ்சர் கடைக்காரன் நல்ல ரோடு கேட்கலாமா என்று என் மனைவி சிரிப்பாள். கேட்கலாம். ஆணி எந்த ரோட்டிலும் இருக்கும்.

ரோட்டுக்கு மேற்கே, என் கடைப் பக்கம், எங்கள் குப்பம்; கிழக்கே கடல். குப்பத்து ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காசிமேட்டு விசைப்படகுகளில் வேலை. பெண்கள் அங்கே ஏலத்தில் மீன் எடுத்து வந்து விற்பவர்கள். காசிமேட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ கிழக்குப் பக்கம்தான் நிற்கும். ஆகவே பொழுது விடிந்தால் ஊரே ரோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்ட வைப்பது அக்கா. அது யாரும் அவருக்குக் கொடுத்த வேலை இல்லை. ஐந்து பேர் சேராமல் ஒருவரையும் விட மாட்டார். தானும் போக மாட்டார்.

ஏன் ஐந்து என்று ஒருநாள் கேட்டேன். வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒத்த தலைய பாத்தா டிரைவரு கொசுன்னு நெனப்பான். ரெண்டு பேரு போனா புருசன் பொண்டாட்டி, எப்பிடியும் அடிச்சிக்கினு ஓடிப் பூடுவாங்கன்னு நெனப்பான். அஞ்சு பேரு சேந்து போனா, இன்னாவோ விசேசம் கீதுன்னு பிரேக்குல கால வெப்பான்."

நம் மனது எப்போதும் ஒரு சோகக் கதையைத் தேடுமில்லையா? தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அக்கா, உங்க வூட்ல யாராச்சும் இந்த ரோட்ல..."

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரும் சாவல பஞ்சரு. சாவக்கூடாதுன்னுதான் நிக்கிறேன். செத்தப்பறம் நின்னு இன்னா பிரயோசனம்?"

அவரிடம் எல்லோரும் சிக்கினார்கள். காதில் பாட்டு கேட்டபடி வந்த ஒரு வாலிபன், "ஆன்ட்டி, நான் போய்க்கிறேன், வுடுங்க" என்றான். "ஆன்ட்டி வுட்டா நீ போ. நான் உனுக்கு ஆன்ட்டி இல்ல, நான் வுடல" என்று அவன் பையைப் பிடித்துக்கொண்டார். நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏம்மா, இது என்ன உங்கப்பன் வீட்டு ரோடா?" என்று கத்தினார். "எங்கப்பன் வூட்டு ரோடா இருந்தா உன்ன உள்ளவே வுட்டிருக்க மாட்டேன். கெவருமெண்டு ரோடு. அதான் பாதி உனுக்கு, பாதி எனுக்கு" என்றார். அந்த டிரைவர் அடுத்த வாரம் வந்தபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து இரண்டு கிலோ சங்கரா வாங்கிப் போனார்.

மாசி மகத்தன்று எங்கள் அம்மனைக் கடலுக்குத் தூக்கிப் போவோம். நானும் பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவன். அன்றைக்கு மேளம், கூட்டம் எல்லாம் முன்னால் தாண்டிவிட்டது. பல்லக்கு மட்டும் இந்தப் பக்கம் நின்றது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அக்கா வந்து குறுக்கே நின்றார்.

கற்பூரத் தட்டோடு பின்னால் வந்த பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா, சாமியவே நிறுத்துறியா?"

"சாமி நிக்குது. தூக்கறவன்தான் துள்றான். நாலு பேருதான் கீறீங்க. அஞ்சு ஆவட்டும்."

"அதான் ஆத்தா கீதே உள்ள! அவளோட சேத்தா அஞ்சு!"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். சாமியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நிஜமாகவே யோசித்தார். அப்புறம், "அவ உக்காந்துகினு வர்றா. கால்ல நடக்கறவன்தான் கணக்கு" என்று சொல்லி, பூசாரியையே ஐந்தாவது ஆளாக நிற்க வைத்துவிட்டு அன்னக்கூடையைத் தூக்கினார். லாரிகள் நின்றன. இரண்டு டிரைவர்கள் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். எனக்குத் தோளில் பாரமே தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், நான் வேண்டியபடியே, ரோட்டை நல்லதாக்குகிற திட்டம் வந்தது. வந்த விதத்தில் ஒரு தப்பு நடந்தது. அதில் என் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோடைக்காலம். மீன்பிடித் தடை நடந்துகொண்டிருந்தது. மீன் முட்டையிடுகிற அந்த இரண்டு மாசம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் ஏலம் கிடையாது. ஆண்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். குப்பமே அடங்கிக் கிடக்கும். அக்காவும் மரத்தடியில் கருவாடு மட்டும் வைத்துக்கொண்டு தூங்கி வழிவார். அந்தச் சமயம் பார்த்து, நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் அட்டையும் பேனாவுமாக வந்தார்கள். எத்தனை வண்டி போகிறது, எத்தனை பேர் நடந்து தாண்டுகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்தவர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அக்கா அவர்களுக்கு மோர் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார்கள்.

கிளம்பும்போது ஒருவர் சொன்னார். "வண்டிதான்ணா பயங்கரம். ஆள் நடமாட்டம் அவ்வளவா இல்ல."

நான் சிரித்தபடி, "அதான் சார் பாக்கறீங்களே" என்றேன். அவ்வளவுதான். கடல் மூடியிருக்கிறது சார், திறந்த பிறகு வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. எங்களுக்கு அது வெயில் அடிக்கிறது என்று சொல்வது மாதிரி. ஊர் அறிந்ததை ஊருக்கு வந்தவரும் அறிந்திருப்பார் என்று இருந்துவிட்டேன்.

ஆடி மாதம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுத் திட்டப் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். கன்டெய்னர் லாரிக்குத் தனிப் பாதை, மழைநீர்க் கால்வாய், பெரிய விளக்குக் கம்பங்கள் எல்லாம் அழகாக இருந்தது. நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று போனேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் படம் தெரியும். விரலை வைத்து ரோட்டோடு ஊர்ந்துகொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது நம்ம மரம்தான? நம்ம வழி எங்க கீது?"

வழி இல்லை. நடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பி வைத்த சுவர் நேராகப் போனது. தாண்ட வேண்டுமென்றால் வெகுதூரம் வடக்கே ஒரு நடைமேம்பாலம். மேடையில் இருந்த இன்ஜினியரம்மாவிடம் அக்கா கேட்டார். அந்த அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும், வெளியூர்ப் பேச்சு. பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"அங்க கணக்கெடுத்தோம்மா. தாண்டுறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அதனாலதான் வழி விடலை."

"அன்னக்கூடைய தலையில வெச்சிக்கினு அம்மாந்தூரம் போயி படியேற முடியாது தாயி. எங்க ஜனம் செவுர எகிறிக் குதிக்கும். குதிச்சா லாரிக்கு முன்னாடி ஒத்த ஒத்தயா வுழும்."

அக்கா கத்தவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பல வருஷம் ஒரு உயிர்கூடப் போகாமல் அவர் காத்துவந்த இடம் அது.

"நாளைக்கு காலையில நீயே வந்து எண்ணும்மா. கடல் தொறந்து கீது. அப்பால சொல்லு."

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, தப்பு என்னுது. தடைக்காலம்னு அவங்களுக்கு நான் சொல்லல" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நான் மட்டும் சொன்னனா? மோர் ஊத்திக் குடுத்தேன், மொளகா வேணுமான்னு கேட்டேன். கடல் மூடினா நம்ம ஊரே மூடிக்கும்னு சொல்லத் தோணல. சரி வுடு. ரெண்டு பேருமா சேந்துதான் கெடுத்தோம்."

அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. அம்மன் கோயிலில் நின்று அழுதேன். பிறகு என் புத்திக்கு எட்டிய பரிகாரத்தைச் செய்தேன். எர்ணாவூரில் எங்கள் பஜனைக் கோஷ்டி இருக்கிறது. அவர்களில் நாற்பது பேரைக் காலையில் வரச் சொன்னேன். போகவும் வரவும் தாண்டிக்கொண்டே இருந்தால் கணக்கு ஏறிவிடுமே!

காலையில் திருநீறு பூசிக்கொண்டு நாற்பது பேரும் வந்து நின்றார்கள். அக்கா வந்து பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

சொன்னேன்.

"நாளைக்கு வருவாங்களா?"

"இல்லக்கா."

"நாளான்னிக்கு?"

"அன்னிக்கும் இல்லக்கா."

"அப்ப இன்னிக்கும் வேணாம். வூட்டுக்கு போவச் சொல்லு. நம்ம ஜனம் போறத மட்டும் அந்தப் பொண்ணு பாக்கட்டும். அதுவே போதும், அதுக்கு மேல வோணாம்."

அதற்குள் இன்ஜினியரம்மா வந்துவிட்டார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் நோட்டு. நாற்பது பேரும் பஜனைப் பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவதை ஒரு மாதிரி பார்த்தார். பின்பு எண்ண ஆரம்பித்தார். குப்பத்துச் சந்துகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். இடுப்பில் அன்னக்கூடை, வாயில் வெற்றிலை. ஆண்கள் வந்தார்கள். ஐந்து ஐந்தாக நின்றார்கள். அக்கா கூடையை ஆட்டினார், லாரி விளக்குகளில் அது மின்னியது, போனார்கள். அடுத்த ஐந்து. அடுத்த ஐந்து. இன்ஜினியரம்மாவின் நோட்டில் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது.

கடைசிக் கூட்டத்தோடு அக்காவும் இன்ஜினியரம்மாவும் கிழக்குப் பக்கம் போனார்கள். ஷேர் ஆட்டோக்கள் கிளம்பின. அக்கா அன்றைக்கு ஏலத்துக்குப் போகவில்லை. இருவரும் அங்கே தனியாக நின்றார்கள். நோட்டை மூடிவிட்டு இன்ஜினியரம்மா ரோட்டைப் பார்த்தார். லாரி வரிசை அசையாமல் நின்றது. சரி என்று காலை எடுத்து வைத்தார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அந்த நொடியில், நிற்கிற இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பைக் சீறிக்கொண்டு வந்து, அந்த அம்மா கால் வைத்த இடத்தின் மேலேயே போனது. அக்காவின் குரல் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"நிக்கிற லாரியத்தான பாத்த? அதுக்குப் பின்னாடிதான் ஓட்றவன் வருவான். இரு, அஞ்சு பேரு ஆவட்டும்."

கையை விடவில்லை. அந்த நேரத்தில் மேற்கே வருகிறவர் யாரும் இல்லை. நின்றார்கள். ஒரு வாட்ச்மேன் டூட்டி முடித்து வந்தார். மூன்று. வெகுநேரம் கழித்து, கடற்கரையிலிருந்து கட்டுமர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். ஐந்து. கூடை மேலே போனது. இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் இன்ஜினியரம்மா என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எதையோ எழுதினார்.

"இன்னா தாயி எழுதற? அதான் எண்ணி முடிச்சிட்டியே?"

"எத்தனை பேர் தாண்டுறாங்கன்னுதான்மா நாங்க எண்ணுவோம். தாண்டுறதுக்கு எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு எண்ணினதில்லை. அதை எழுதுறேன்."

மணிக்கட்டில் அக்காவின் விரல் பட்ட இடத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமலேயே எழுதினார்.

அடுத்த படத்தில் எங்கள் மரத்துக்கு நேராகச் சுவர் விலகியிருந்தது. அங்கே ஒரு சிக்னல். கம்பத்தில் பொத்தானை அழுத்தினால் நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுமாம், இரண்டு பக்கமும் லாரிகள் நிற்குமாம். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ரோடு தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். அதற்குள் அக்காவின் மகள் பழவேற்காட்டில் பிள்ளை பெற்றாள். கூட இருக்க அக்கா போனார். முட்டியும் வலித்தது, அங்கேயே தங்கிவிட்டார். போகும்போது பழைய அன்னக்கூடையை என் கடையில் வைத்துவிட்டுப் போனார். "சிக்னலு வர்ற வரிக்கும் நீ தூக்கு" என்றார். தூக்கினேன். நான் பெரிய படிப்பு படித்தவனில்லை, பெரிய பதவி பார்த்தவனில்லை. அந்தக் கூடையைத் தூக்கி லாரியை நிறுத்தியது என் வாழ்நாளுக்குப் போதும்.

போன மாதம் சிக்னல் எரிந்தது. முதல் நாள் காலை கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம்.

"இன்னா பஞ்சரு, எரியுதா?"

"எரியுதுக்கா. பொத்தான் அமுக்கிட்டாங்க. பச்ச வுழுந்துடுச்சு. லாரிங்கல்லாம் கோட்டுக்குப் பின்னாடி நிக்கிது."

"ஜனம் போவுதா?"

நான் பார்த்தேன். கம்பத்தடியில் அன்னக்கூடைகளோடு நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. முதல் லாரி டிரைவர் கையை நீட்டி, போங்கம்மா, போங்கம்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர்கள் குப்பத்துச் சந்தைத் திரும்பிப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள்.

"போவலக்கா. நிக்கறாங்க."

"ஏன்? எத்தினி பேரு?"

"நாலு பேரு."

குழந்தையின் அழுகைக்கு நடுவில் அக்காவின் குரல் வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பறம் இன்னா அங்க நின்னு வேடிக்க பாத்துகினு கீற? கடைய வுட்டு எறங்கு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஐந்தாவது ஆளாகப் போய் நின்றேன்.